மேடையேறும் முன் அவனிடம் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் வாழும் ஒரு தாய் எட்டுப் பக்கங்களில் எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு 14 வயது. 5 வயதில் ஆட்டிசம் (பிறப்போடு வரும் ஒரு நரம்பியல் தன்மை) என்று உறுதி செய்யப்பட்டது. வாயால் பேசுவது மிகக் குறைவு; ஒரு நாளில் பத்துச் சொல் வந்தால் அதிகம். ஆனால் டேப்லெட்டில், யாரும் கையைப் பிடிக்காமல், தானே தட்டி வேண்டியதைக் கேட்கிறான், வேண்டாததை மறுக்கிறான். 2023ஆம் ஆண்டில் தினமும் பல மணி நேரம் மின்சாரம் நின்ற காலத்தில், எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு லோட்ஷெடிங் என்பதை அக்கம்பக்கத்தார் கைப்பேசியில் தேடாமல் அவனிடம்தான் வந்து கேட்டார்களாம். (மின்வெட்டு நின்றபோது நாட்டிலேயே வருத்தப்பட்ட ஒரே ஆள் தன் மகன்தான் என்று அந்தத் தாய் எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்தேன்.)

கடிதத்தின் பாரம் வேறிடத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு தைப்பூசக் காவடியன்று, பேரன் பேச வேண்டும் என்று நேர்ந்துகொண்ட மாமியார் அவனைக் கோயிலுக்கு அழைத்துப் போயிருக்கிறார். உறுமியும் மேளமும் நெருக்கியடித்த கூட்டமும் சேர்ந்து தாங்க முடியாமல் போக, அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறித் தரையில் விழுந்து தலையை ஆட்டியிருக்கிறான். சுற்றி நின்றவர்கள் 'பிள்ளைக்குச் சாமி வந்துவிட்டது' என்று கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மேளத்தை இன்னும் அருகில் கொண்டுவந்து அடித்திருக்கிறார்கள். இப்போது ஊர்த் தமிழ்ச் சங்கம் அந்தச் சம்பவத்தை வைத்து, ஏப்ரல் 2ஆம் நாள் வரும் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளையொட்டி ஒரு நாடகம் போடப் போகிறது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நல்லெண்ணம் உள்ளவர் என்று கடிதமே சொல்கிறது. கடைசிக் காட்சியில் பேசாத பையன் குமரகுருபரரைப் போல 'முருகா' என்று வாய் திறக்கிறான், திரை விழுகிறது. பையனாக நடிப்பவன் இவனுடைய சித்தப்பா மகன். ஒத்திகையில் அவன் கைகளை உதறிக்காட்டியபோது மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாடகம் முடிந்ததும் உண்மையான மகனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டும், அதற்குப் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டிருக்கிறார்.

கணவர் சம்மதிக்கச் சொல்கிறார். மாமியார் பூரிப்பில் இருக்கிறார். மாமா ஒருவர் இதற்கிடையில் தடுப்பூசி பற்றியும், சென்னையில் ஸ்டெம்செல் (குருத்தணு) சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவமனை பற்றியும் நாள்தோறும் செய்திகள் அனுப்புகிறார்; அவற்றைப் படித்து நாத்தனார் தன் 11 மாதக் குழந்தைக்கு அடுத்த ஊசி போடலாமா என்று தயங்குகிறார். 'அவனுக்கு இதெல்லாம் புரியாது, நான்தான் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் பிள்ளையை மறைத்து வைக்கிறேன் என்று ஊர் பேசும். சம்மதித்தால் மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது?' என்று கேட்டு, கடைசி வரியில், ஆங்கிலத்தில் எழுதுவதே தமக்கு எளிது என்றாலும், மாமியார் தமிழ் மட்டுமே படிப்பார் என்பதால் பதிலைத் தமிழில் தரும்படி வேண்டியிருக்கிறார்.

அம்மா, அந்தக் கடைசி வரிக்காக உங்களுக்கு நன்றி. வீட்டில் உள்ள எல்லோரும் படிக்கப் போகிறார்கள் என்ற நினைவோடுதான் எழுதுகிறேன். நான் உளவியல் ஆலோசகர், வழக்கறிஞர் அல்ல. சட்டத்தைப் பற்றிச் சொல்லுமிடத்தில் அடிப்படையை மட்டும் சொல்வேன்.

'அவனுக்குப் புரியாது' என்ற எண்ணம்

உங்கள் கடிதத்திலேயே இதற்கு எதிரான சாட்சி இருக்கிறது. ஒத்திகையிலிருந்து திரும்பிய இரவு அவன் சாப்பிடவில்லை, சித்தப்பா மகன் வந்தபோது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான் என்று ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். 'காரணம் தெரியவில்லை' என்று முடித்துவிட்டீர்கள். தன்னுடைய கையசைவைத் தன் வயதுப் பையன் செய்துகாட்ட, மற்றவர்கள் சிரித்ததை அவன் பார்த்திருக்கிறான். நம் வீட்டில் வேறெந்தப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது நடந்திருந்தாலும், ஏன் சாப்பிடவில்லை என்று நாம் யோசித்திருக்கவே மாட்டோம்.

பேச்சு குறைவாக வருவதும் புரிதல் குறைவாக இருப்பதும் ஒன்றென்று எண்ணுவது மிகப் பழைய பிழை. ஆட்டிசம் உள்ள சிலருக்கு அறிவுவளர்ச்சியில் குறைபாடும் சேர்ந்து இருக்கும், பலருக்கு இருக்காது. வாய்ப்பேச்சை வைத்து மட்டும் எது எவருக்கு என்று சொல்லிவிட முடியாது. பேச்சுக்கு மாற்றாகவோ துணையாகவோ படங்கள், எழுத்துப் பலகை, கருவி ஆகியவற்றைப் பயன்படுத்தும் முறைகள் இந்த நாட்டுக்குப் புதியவை அல்ல. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் 1990ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. டேப்லெட்டைக் கொடுத்தால் பிள்ளை பேச முயலவே மாட்டான் என்று உங்கள் மாமியாருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. மாற்றுவழி கிடைத்தபின் பேச்சு சற்றுக் கூடிய பிள்ளைகளும் உண்டு. கூடாவிட்டாலும் மனத்தில் உள்ளதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு வாசல் கிடைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023ஆம் ஆண்டில் நாட்டின் பன்னிரண்டாவது அதிகாரபூர்வ மொழியாகியிருக்கிறது. மொழி வாயிலிருந்துதான் வரவேண்டும் என்ற எண்ணத்தை நாடே விட்டுவிட்ட பிறகு, நம் வீட்டுக்குள் மட்டும் அதைக் காப்பாற்றி வைப்பானேன்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வேறொருவர் கையைப் பிடித்து நடத்தித் தட்டச்சு செய்ய வைக்கும் ஒரு முறை 1990களில் பரவியது. சோதித்துப் பார்த்தபோது, வந்த சொற்கள் பிள்ளையுடையவை அல்ல, பிடித்தவருடையவை என்று தெரிந்தது. உங்கள் மகன் தானே தட்டுகிறான் என்று தெளிவாக எழுதியிருப்பதால் அந்த ஐயம் இங்கே எழவில்லை. அவன் தட்டுவது அவன் சொல்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், முடிவெடுக்கும் பொறுப்பு உங்களுடையது, ஆனால் அவனைக் கேட்காமல் எடுக்கும் முடிவு பாதி முடிவுதான்.

அன்று கோயிலில் நடந்தது

பெரியம்மா, இந்தப் பத்தியை உங்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் பேரனைக் கோயிலுக்கு அழைத்துப் போனது அன்பினால். முருகன் யார் மேல் வருவான், எப்போது வருவான் என்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு அறிவும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் அன்று உங்கள் பேரன் உடலில் நடந்ததைப் பற்றிச் சொல்ல முடியும். நமக்கெல்லாம் நூறு சத்தத்தில் தொண்ணூறை மூளை தானாகவே ஒதுக்கி வைக்கிறது. அதனால்தான் மேளம் முழங்கும்போதும் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்த ஒதுக்கல் அப்படி நடப்பதில்லை. உறுமியின் அதிர்வு, சாம்பிராணி வாசனை, தோளில் உரசும் ஆட்கள், வெயில், எல்லாம் ஒரே வலுவோடு உள்ளே வரும். ஒலி, ஒளி, தொடுதல் இவற்றுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று 2013ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பே முறைப்படி சேர்த்துக்கொண்டது. அப்படி எல்லாம் ஒருசேர வந்து நிரம்பி வழியும்போது பிள்ளை அலறுகிறான், விழுகிறான். அது அடம் அல்ல. அவனே விரும்பினாலும் அந்த நிமிடத்தில் நிறுத்த முடியாது. அப்போது செய்ய வேண்டியது சத்தத்திலிருந்து விலக்குவதும், சுற்றி இடம் விடுவதும், தொடாமல், அதிகம் பேசாமல் காத்திருப்பதும்தான். மேளத்தை அருகில் கொண்டுவந்தது, கொதிக்கும் பானையின் அடியில் இன்னொரு விறகைச் செருகியது போல ஆகிவிட்டது.

கோயிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடியற்காலை அபிஷேக நேரத்தில், கூட்டம் சேர்வதற்கு முன், காதை மூடும் ஒலித்தடுப்பானோடு, வாசலுக்கு அருகில் நின்று, அவன் போதும் என்றதும் திரும்பிவிடுவது என்ற உடன்பாட்டோடு எத்தனையோ பிள்ளைகள் வருகிறார்கள். முருகனுக்குக் காலை ஐந்து மணிக்கும் கண் திறந்துதான் இருக்கும்.

மறுப்பதும் மறைப்பதும்

அம்மா, உங்களை உறுத்துவது இந்தப் பயம்தான் என்று தெரிகிறது. ஒரு தலைமுறைக்கு முன், விருந்தாளி வந்தால் இப்படிப்பட்ட பிள்ளையைப் பின்னறையில் வைத்துப் பூட்டிய வீடுகள் நம்மிடையே இருந்தன. அதனால் 'மேடைக்கு அனுப்ப மாட்டேன்' என்று சொன்னாலே பழைய பூட்டு நினைவுக்கு வருகிறது. ஆனால் நீங்கள் அவனைக் கடைக்கு அழைத்துப் போகிறீர்கள், கடற்கரைக்கு அழைத்துப் போகிறீர்கள், தெருவே அவனிடம் வந்து மணி கேட்கிறது. இதில் மறைப்பு எங்கே இருக்கிறது? வெட்கப்பட்டு ஒளிப்பது வேறு. ஒருவனுடைய வாழ்வின் மிக மோசமான பத்து நிமிடத்தை முந்நூறு பேர் முன்னால் நடித்துக்காட்ட வேண்டாம் என்பது வேறு. உங்கள் கணவர் பொதுமேடையில் மயங்கி விழுந்திருந்தால், அதை நாடகமாக்கிக் கடைசியில் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம் என்று யாராவது கேட்பார்களா? இதை அவரிடமே கேட்டுப் பாருங்கள். கோபத்தில் கேட்காதீர்கள், அவர் கெட்ட எண்ணத்தில் சம்மதிக்கச் சொல்லவில்லை, ஊருக்கு ஒருமுறையாவது புரியட்டும் என்ற ஏக்கத்தில் சொல்கிறார்.

இதோடு ஒரு சின்னச் சொல் விஷயம். கடிதத்தில் மூன்று இடங்களில் 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட என் மகன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நாடகத்தின் தலைப்பிலோ ஆட்டிசத்துக்குத் தமிழில் வழங்கும் 'மதியிறுக்கம்' என்ற சொல் இருக்கிறது. மதி இறுகிப் போனது என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்ட சொல் அது. கலைச்சொல் வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் யாரோ உண்டாக்கியிருப்பார்கள், ஆனாலும் நான் பயன்படுத்துவதில்லை. 'ஆட்டிசம் உள்ள பிள்ளை' என்பது போதும். அன்று கோயிலில் அவனைப் பாதித்தது மேளம்.

குமரகுருபரரும் உங்கள் மகனும்

நாடகத்தின் கடைசிக் காட்சியைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குழந்தை ஐந்து வயது வரை பேசாமல் இருந்ததும், பெற்றோர் திருச்செந்தூரில் விரதம் இருந்ததும், முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியதும் நாம் பாட்டி மடியில் கேட்ட வரலாறு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதை உயிரோடு, எதிரில், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனின் கதையோடு ஒட்டும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். மேடையில் இருப்பவன் பேசிவிடுகிறான், கைத்தட்டல் விழுகிறது. கீழே இருப்பவன் இன்னும் பேசவில்லை. அவன் அந்தக் கைத்தட்டலிலிருந்து எடுத்துக்கொள்ளும் செய்தி, நீ இப்போது இருக்கிறபடி உன்னை யாரும் கொண்டாடவில்லை, நீ மாறிவிட்ட பிறகுதான் கொண்டாடுவார்கள் என்பது. பார்வையாளரில் இருக்கும் மற்றத் தாய்மாருக்கோ, என் விரதம் போதவில்லையோ, என் நேர்த்திக்கடனில் குறையோ என்ற கேள்வி விழும். நம்பிக்கை தருவதற்காக எழுதப்பட்ட காட்சி, பழியைப் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் போகும்.

பழி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கருவுற்றிருந்தபோது நீங்கள் துணி ஆலை வேலைக்குப் போனதுதான் காரணம் என்று உறவில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தாயைக் குற்றவாளியாக்குவது நம் உறவுகளின் கண்டுபிடிப்பு அல்ல; படித்த மேல்நாட்டு நிபுணர்களே ஒரு காலத்தில் அதைச் செய்தார்கள். அன்பில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு நூலே எழுதினார். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1964இல், இது பிறப்போடு வரும் நரம்பியல் தன்மை என்று வாதிட்டிருந்தார். பின்னால் வந்த ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன. டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் 20 லட்சம் பிள்ளைகளைக் கொண்டு 2019இல் வெளிவந்த ஆய்வு, மக்களிடையே ஆட்டிசம் அமைவதில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபணுக்களைச் சார்ந்தது என்று கணித்தது. தாய்க்கே உரிய கருப்பைக் காரணங்களுக்கு அதில் கிடைத்த பங்கு மிகச் சிறியது. அம்மா, நீங்கள் ஆலைக்குப் போனது குடும்பத்துக்குச் சோறு போட.

நாடகத்துக்குத் திரும்புவோம். படங்களும் நாடகங்களும் ஆட்டிசத்தைக் காட்டும்போது பெரும்பாலும் இரண்டு பாதையில் ஒன்றைத்தான் பிடிக்கின்றன: ஒன்று பரிதாபம், மற்றொன்று அதிசயத் திறமை. 1988இல் வந்த 'ரெயின் மேன்' என்ற ஹாலிவுட் படத்துக்குப் பிறகு, பெற்றோரைப் பார்ப்பவர்கள் எல்லாம் 'உங்கள் பிள்ளைக்கு என்ன விசேஷத் திறமை?' என்று கேட்கத் தொடங்கினார்கள். அத்தகைய அபாரத் திறமை ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினரிடமே உண்டு. உங்கள் மகனின் லோட்ஷெடிங் அட்டவணை அவனுக்குப் பிடித்த விஷயம், அவ்வளவுதான். அவன் மதிப்பு அதில் தொங்கவேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

செயலாளரிடம் பேசும்போது கையில் இருக்கட்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். வழக்குப் போடச் சொல்லவில்லை. இந்த நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், வயதும் முதிர்ச்சியும் வளர்ச்சி நிலையும் இடம்தரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்னைப் பற்றிய விவகாரத்தில் பங்கேற்கும் உரிமை உண்டு, அவன் கருத்துக்கு உரிய மதிப்புத் தரவேண்டும் என்று 10ஆம் பிரிவில் சொல்கிறது. நலனுக்குக் கேடு தரும் சமூக, பண்பாட்டு, சமய வழக்கங்களுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமை 12ஆம் பிரிவில் இருக்கிறது. தன் உடல்நிலை பற்றிய செய்தி இரகசியமாகக் காக்கப்படும் உரிமை 13ஆம் பிரிவில் இருக்கிறது. இவற்றோடு, 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளைப் பற்றிய தகவலையும், ஒருவரின் உடல்நலத் தகவலையும் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டியவையாக வைத்திருக்கிறது. சங்கம் உங்களிடம் எழுத்தில் சம்மதம் கேட்டது சரியான செயல். அதற்காக அவர்களைப் பாராட்டுங்கள். பெயரை மாற்றிவிடுகிறோம் என்று சொன்னால் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். நம் ஊரில் காவடியன்று விழுந்த பையன் யார் என்று தெரியாதவர் யார்?

இன்னொரு விஷயம் இந்த மண்ணுக்கே பெருமை தருவது. 'எங்களைப் பற்றிய எதுவும் நாங்கள் இல்லாமல் வேண்டாம்' என்ற முழக்கம் உலகம் முழுவதும் மாற்றுத்திறனாளர் இயக்கங்களில் ஒலிக்கிறது. அமெரிக்க ஆர்வலர் ஒருவர் அதை முதன்முதலில் கேட்டது 1993இல், இங்கே, தென்னாப்பிரிக்காவில். மாற்றுத்திறனாளர் இயக்கத் தலைவர்களான மைக்கேல் மசூத்தாவும் வில்லியம் ரோலண்டும் சொல்லக் கேட்டதாகப் பதிவு செய்திருக்கிறார். மசூத்தா பின்னாளில் நாட்டின் நீதித்துறை அமைச்சரும் ஆனார். சங்கத்தின் ஆசிரியர் ஐயா இதை நாடகத்தில் சேர்க்க விரும்பக்கூடும்.

மாமாவின் செய்திகள்

தடுப்பூசி விஷயத்தை விரைவில் முடிக்கிறேன், ஏனென்றால் அது முடிந்துபோன விஷயம். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் வேறு சிலரும் 12 பிள்ளைகளை வைத்து, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாக இல்லை. இங்கே தட்டம்மை ஊசி 6 மாதத்திலும் 12 மாதத்திலும் போடப்படுகிறது. உங்கள் நாத்தனார் அடுத்த மாதம் கிளினிக்குக்குப் போகட்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய தட்டம்மைப் பரவலை இந்த நாடு பார்த்திருக்கிறது. அது கட்டுக்கதை அல்ல.

ஸ்டெம்செல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே பணமும் உங்கள் மகனின் உடலும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. வீட்டை அடகு வைத்தாவது போகலாம் என்று மாமா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் பயன்தரும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, இரத்தம் சார்ந்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சிலவற்றைத் தவிர, மற்றவற்றுக்கு ஸ்டெம்செல்லை முறையான ஆய்வுக்குள் மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது. உடலுக்குள் ஊசியால் செலுத்தும் எதற்கும் தொற்றும் ஒவ்வாமையும் வரும் அபாயம் உண்டு. மேலும் 12 வயதைக் கடந்து, போதிய முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்று குழந்தைகள் சட்டத்தின் 129ஆம் பிரிவு வைத்திருக்கிறது. அவன் முதிர்ச்சியை மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்றாலும், இந்த விஷயத்திலும் அவனைத் தாண்டிப் பேசக்கூடாது என்பதே அதன் உட்கிடை.

இனி வரும் செய்திகளுக்கு ஓர் அளவுகோல் தருகிறேன். அனுப்புகிறவருக்கோ, அவர் சுட்டும் மருத்துவமனைக்கோ அதில் வரும்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மருந்து ஆட்டிசம், சர்க்கரை, புற்றுநோய் எல்லாவற்றையும் தீர்க்கும் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'குணமான' பிள்ளையின் தாய் பேசுகிறார் சரி, அந்தப் பிள்ளை எங்காவது பேசுகிறானா என்று தேடுங்கள். குளோரின் டையாக்சைடு என்ற வெளுப்பான் கரைசலைக்கூட ஆட்டிசத்துக்கு மருந்தென்று விற்றவர்கள் இருக்கிறார்கள். அது வயிற்றையும் குடலையும் புண்ணாக்கும். அப்படி ஒரு பெயர் மாமாவின் செய்தியில் வந்தால், தயவுசெய்து மரியாதை பார்க்காமல் மறுத்துவிடுங்கள். நம்பிக்கையான தகவலுக்கு, 1989 முதல் இயங்கும் 'ஆட்டிசம் சவுத் ஆப்பிரிக்கா' என்ற தேசிய அமைப்பும், டர்பனிலேயே 'ஆக்‌ஷன் இன் ஆட்டிசம்' என்ற அமைப்பும் இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தாங்களே எழுதியவற்றைப் படியுங்கள். உங்கள் மகன் சொல்ல வருவதை முப்பது வயதில் சொல்லிவிட்டவர்கள் அவர்கள்.

சங்கத்துக்கு என்ன சொல்வது

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. முழுவதும் மறுத்துவிடலாம், மகன் நிம்மதியாக இருப்பான், ஆனால் நாடகம் வேறொரு பெயரில், அதே கடைசிக் காட்சியோடு நடந்தாலும் நடக்கும். அப்படியே சம்மதிக்கலாம், உறவு கெடாது, விலையை அவன் கொடுப்பான். எனக்குச் சரியென்று படுவது, நாடகத்தை மாற்றச் சொல்லிக் கேட்பது. ஆசிரியராக இருந்தவர், விளக்கினால் கேட்பார் என்றே நினைக்கிறேன்.

டேமியன் மில்டன் என்பவர் பிரிட்டனைச் சேர்ந்த சமூகவியலாளர், தாமே ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரிவதில்லை என்று சொல்கிறோமே, அவர்கள் மனம் நமக்கு மட்டும் புரிகிறதா, புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறதே என்று 2012இல் அவர் எழுதினார். கோயிலில் நடந்ததைவிட இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அவனுக்கு மேளம் புரியவில்லை என்று ஊர் நினைத்தது. ஊருக்குத்தான் அவன் அலறல் புரியவில்லை. ஆகவே ஆசிரியர் ஐயாவிடம் இப்படிக் கேளுங்கள்: கையை உதறிக்காட்டும் பையன் பாத்திரமே மேடையில் வேண்டாம். மேளம் அடித்தவர்களையும், திருநீறு பூசியவர்களையும், மறு ஆண்டு மேளத்தைத் தள்ளி வைத்து அடிக்கக் கற்றுக்கொண்ட ஒருவரையும் காட்டட்டும். காவடிச் சம்பவத்துக்குப் பதிலாகக் கற்பனையான வேறொரு இடம் இருக்கட்டும். நடிக்க இருந்த சித்தப்பா மகனைத் திட்டாதீர்கள். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அந்த மேளக்காரர் பாத்திரத்தை அவனுக்கே கொடுக்கலாம். பொன்னாடை வேண்டாம். அந்தப் பணத்தில் கோயில் வாசலில் வைக்க நாலைந்து ஒலித்தடுப்பான்கள் வாங்கட்டும்.

இதையெல்லாம் செயலாளரிடம் சொல்வதற்கு முன்னால் உங்கள் மகனிடம் கேட்க வேண்டும். நாடகத்தின் கதையை ஆங்கிலத்தில் ஆறேழு எளிய வரிகளாக எழுதி, அவனுடைய டேப்லெட்டுக்கு அனுப்புங்கள். எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்காதீர்கள். காரில் போகும்போதோ, அவன் தன் அட்டவணைகளோடு இருக்கும்போதோ பக்கத்தில் இருந்து கேளுங்கள். 'சரி', 'வேண்டாம்', 'தெரியவில்லை', 'வேறு ஏதாவது' என்று நான்கு பதில்களுக்கு இடம் கொடுங்கள். அன்றைக்கே பதில் வேண்டாம், ஒரு வாரம் போகட்டும், மீண்டும் ஒருமுறை கேட்டு அதே பதிலா என்று பாருங்கள். பாட்டியும் அப்பாவும் அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் அவன் அவர்களுக்குப் பிடித்த பதிலைத் தர முயலக்கூடும். நாடகமே நன்றாக இருக்கிறது, நானும் வருகிறேன் என்று சொன்னாலும் சொல்வான்; அப்போது நான் மேலே எழுதியதில் பாதியை நீங்கள் ஒதுக்கிவிடலாம். 'மேளம் வேண்டாம்' என்று இரண்டே சொல் தட்டினால், அந்த இரண்டு சொல்லையும் அப்படியே கடிதத்தின் முதல் வரியாக வைத்துச் செயலாளருக்கு எழுதுங்கள்.